ரூமி மஸ்தகி

அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குச் சமீபத்தில் முப்பது வருஷங்களாகக் குடியிருந்தும், காலையில் வாசலில் நின்று வடக்கே சேர்வராயன் மலையில் மேகம் இறங்குவதைப் பார்ப்பதும் பிறகு உள்ளே வந்து பழைய புஸ்தகங்களைப் புரட்டுவதுமாகப் பொழுதைப் போக்குகிறவனே அல்லாமல் கடைவீதிக் காரியம் எதற்கும் லாயக்கற்றவன் என்று வீட்டாரால் தீர்மானிக்கப்பட்ட என்னை, சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டை வரை நடத்திச் சென்றது, என் தாயாருக்காக யூனானி வைத்தியர் ஒருவர் எழுதிக்கொடுத்த சீட்டு. அதில் ஏழு சரக்குகள். ஆறு, யார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் அகப்படக் கூடியவை. ஏழாவது, ரூமி மஸ்தகி.

நாட்டு மருந்துக் கடைக்காரர் சீட்டை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பின்புறத்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து, மூடி இறுகிப்போன கண்ணாடிச் சீசா ஒன்றை இறக்கி, துணியால் தூசி தட்டி, காகிதத்தின்மேல் கொஞ்சம் கொட்டினார். பயறளவும் அதற்குச் சிறியதுமான மணிகள், வெளிர்மஞ்சள், மேலே மாவு பூசினாற்போல ஒரு மங்கல், விரலால் உருட்டினால் உள்ளே கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவுகிறது. “ஒண்ணு எடுத்துப் பல்லுல வெச்சு மெதுவாக் கடிங்கய்யா” என்றார். “மாவாட்டம் உதுந்து போச்சுன்னா அது வேற பிசினுங்க. மெழுகாட்டம் ஆச்சுன்னா அசலுங்க.” கடித்தேன். முதலில் நொறுங்கிற்று, சற்றே கசந்தது, ஏதோ ஊசியிலை மரத்தின் வாசனை நாசியில் ஏறிற்று, பிறகு நொறுங்கிய துகள்களெல்லாம் ஒன்றையொன்று தேடிக் கூடி, வெள்ளை மெழுகாகத் திரண்டு பல்லுக்கிடையில் வளைந்து கொடுத்தன. அசல்தான்.

“ரூமி என்றால் என்ன?” என்று கேட்டேன்.

“ஊர்ப் பேருங்க. ரூம்னு ஒரு ஊரு. அங்கிருந்து வர்றதுங்க.”

“அது எங்கே இருக்கிறது?”

“அதெல்லாம் எங்க அப்பாருக்குத்தான் தெரியுமுங்க. நானு போட்டு வித்துட்டிருக்கறனுங்க, அவ்வளவுதான்.”

ரூம் என்கிற தேசம் இன்று எந்தப் பூகோளப் படத்திலும் இல்லை. அதன் கடைசிச் சக்கரவர்த்தி மதிலருகே போரிட்டு மாண்டு ஐந்நூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாகின்றன. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் அந்த ராஜ்யத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பத்துக் கிராம் பொட்டலம் கட்டித் தருகிறார்கள் என்பது, சரித்திரம் படித்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஏனெனில் நாம் பள்ளிக்கூடத்தில் அந்தச் சாம்ராஜ்யத்தை அறிந்த விதம் வேறு. 1453-ஆம் வருஷம் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். கீழ்நாட்டு வாசனைத் திரவியங்களுக்கான வழி அடைபட்டது. ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடினர். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினான். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆயிரத்து நூற்றிருபத்து மூன்று வருஷங்கள் ஒரு நகரத்தைத் தலைநகராகக் கொண்டு நடந்த ஓர் ஆட்சி, நமக்கு ஒரு கதவாகவே அறிமுகமாயிற்று. அதுவும் சாத்தப்பட்ட கதவு. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

கி.பி. 330 மே மாதம் 11-ஆம் தேதி, கருங்கடலின் வாயிலில் பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க ஊர் இருந்த இடத்தில் உரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் தன் புதிய நகரத்தைப் பிரதிஷ்டை செய்தான். மேற்கே உரோமாபுரி அடுத்த நூற்றாண்டில் அன்னியர் கையில் விழுந்த பிறகும் கிழக்கே இந்தப் பாதி நின்றது. நாளடைவில் இலத்தீன் மறைந்து கிரேக்கமே அரண்மனைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் உரிய பாஷையாயிற்று. ஆனாலும் கிரேக்கம் பேசிய அந்த ஜனங்கள், அரசன் முதல் ஆடு மேய்ப்பவன் வரை, தங்களை உரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அரபு நாட்டார் அதை ரூம் என்றனர். குர்ஆனின் முப்பதாவது அத்தியாயத்துக்கு அர்ரூம் என்றே பெயர். பாரசீகரிடம் தோற்ற ரூம் சில வருஷங்களுக்குள் மீண்டும் வெல்லும் என்று அது தொடங்குகிறது. சம்ஸ்கிருதத்தில் உரோமகம். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்று உரோமக சித்தாந்தம். அந்தத் தேசத்தின் பெரும்பகுதியைத் துருக்கியர் பிடித்த பிறகும் மண்ணின் பெயர் மாறவில்லை. பல்கு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து கோனியாவில் வாழ்ந்து 1273-இல் மறைந்த ஜலாலுத்தீன் என்ற மகாகவிக்கு ரூமி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அவர் ரூமில் குடியிருந்ததனால்தான். இன்று தமிழில் அவருடைய கவிதைகளைப் பெயர்க்காத சிறுபத்திரிகை இல்லை என்று சொல்லலாம்; அந்தக் கவியின் அடைமொழியும் என் கையிலிருந்த பொட்டலத்தின் அடைமொழியும் ஒன்றென்பதைக் கவிகள் மன்னிப்பார்களாக.

இப்படிச் சுற்றிலும் இருந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயரை ஒப்புக்கொள்ளாதவர்கள் மேற்கு ஐரோப்பியரே. உரோமர் என்ற கீர்த்திக்குத் தாங்களே வாரிசு என்று கருதிய அவர்கள், கான்ஸ்டாண்டிநோபிளின் அரசனைக் ‘கிரேக்கர்களின் ராஜா’ என்று கடிதத்தில் விளித்து அவமதித்தார்கள். ராஜ்யம் அழிந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1557-இல், ஹீரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானியப் பண்டிதர் அதன் சரித்திர நூல்களைத் தொகுத்து அச்சிட்டபோது, ஊரின் ஆதிப் பெயரை எடுத்துப் ‘பைசாந்திய’ என்ற அடைமொழியைத் தலைப்பில் வைத்தார். அதுவே நிலைத்தது. உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் கேட்டிராத பெயரால் ஒரு மனிதனுக்குத் திவசம் செய்வதைப் போன்ற காரியம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிதர்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று சொல்லித் தள்ளிவிட மனம் வரவில்லை. 1912-இல் கிரேக்கக் கடற்படை லெம்னோஸ் தீவில் இறங்கியபோது, அந்தச் சிப்பாய்களைப் பார்க்கக் கிராமத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று சிப்பாய்கள் கேட்க, ஹெலனியர் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க வந்தோம் என்றன குழந்தைகள். நீங்களும் ஹெலனியர்தாமே என்றதற்கு, இல்லை, நாங்கள் உரோமர் என்று பதில் வந்தது. அந்தத் தீவில் பிறந்து பிற்காலத்தில் சரித்திர ஆசிரியராக விளங்கிய பீட்டர் சரானிஸ் தம் பிள்ளைப் பிராய ஞாபகமாக இதைச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து திரும்பும்போது, வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் சந்தின் வழியாக வந்தேன். கொலுசுக்குக் கம்பி இழுக்கிறவர்கள், குண்டு பற்றவைக்கிறவர்கள், மெருகு போடுகிறவர்கள் என்று சந்து முழுவதும் ஊதுகுழல் சத்தம். ஒரு வாசலில், “எத்தனை டச்சுங்க இது?” என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் பல்; இங்கே உரைகல். மாற்று அறிகிற அந்த ஒரு கேள்வியில்தான் ரூமின் கீர்த்தியும் வீழ்ச்சியும் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் அந்தப் பட்டறைக்காரர் சிரித்திருப்பார்.

கான்ஸ்டன்டைன் அடித்த பொற்காசுக்கு சாலிடஸ் என்று பெயர், கிரேக்கத்தில் நொமிஸ்மா. ஓர் உரோம ராத்தல் பொன்னில் எழுபத்திரண்டு காசு. ஒன்று ஏறக்குறைய நாலரைக் கிராம். நம் அரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதல். நாம் குன்றிமணியாலும் மஞ்சாடியாலும் பொன் நிறுத்ததுபோல அவர்கள் கராப் மரத்து விதையால் நிறுத்தார்கள். விதைக்குக் கிரேக்கத்தில் கெராத்தியோன். காசுக்கு விதை இருபத்து நான்கு. சொக்கத் தங்கத்தை இருபத்து நாலு கேரட் என்று இன்று சேலத்து நகைக்கடையில் எழுதிவைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கு அந்தக் காசின் எடையிலிருந்து வந்தது. ஏழு நூற்றாண்டுக் காலம் அந்தக் காசு மாற்றுக் குறையாமல் ஓடிற்று. ஒரு வம்சமா, ஒரு மதக்கொள்கையா, ஓர் எல்லைக்கோடா, எதுவும் அவ்வளவு காலம் அங்கே நிலையாக நின்றதில்லை, காசு நின்றது.

அது நம் பக்கத்துக்கும் வந்தது. இதற்கு முந்திய உரோமக் காசுகள் நமக்குப் பழக்கமானவை. சேலத்தைச் சேர்ந்த கோனேரிப்பட்டியிலேயே 1987-இல் திபேரியஸ் சக்கரவர்த்தியின் வெள்ளிக்காசுப் புதையல் அகப்பட்டது. காவிரிக்குத் தெற்கே கரூரில் அமராவதி ஆற்று மணலில், கீழை ராஜ்யத்தைச் சேர்ந்த, விரல் நகத்தினும் சிறிய செப்புக்காசுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள், மதுரையிலும் அப்படியே, இலங்கையிலோ ஆயிரக்கணக்கில். பொற்காசுகளும் உண்டு. கர்நாடகத்து அக்கி ஆலூரில் கிடைத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பொற்காசுகளில் இரண்டாம் தியோடோசியஸ், அனஸ்தாசியஸ், ஜஸ்டின் முதலியவர்களின் முகங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைக்கும் இந்தக் காலத்துப் பொற்காசுகள் பலவற்றில் ஒரு விசேஷம்: அரசனுடைய தலைக்கு மேலே, பக்கத்துக்கொன்றாக இரண்டு துவாரங்கள். கோத்துக் கழுத்தில் கட்டினால் முகம் தலைகீழாகத் தொங்கக்கூடாது என்று பார்த்துப் போட்ட துவாரங்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் எவன் முன்னால் மந்திரிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்களோ, அவன் இங்கே ஒரு பெண்ணின் காசுமாலையில் ஒரு காசு. ஆனாலும் அவன் முகம் நேராக இருக்கவேண்டும் என்று கவலைப்பட்ட தட்டான் ஒருவன் இருந்தான் என்பது அந்தத் துவாரங்களால் தெரிகிறது.

அந்தக் காசைப் பற்றி ஒரு கதை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவர், பிற்காலத்தில் துறவு பூண்டு, 550-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு புஸ்தகம் எழுதினார். காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டெஸ், அதாவது இந்தியாவுக்குக் கப்பலோட்டிய காஸ்மாஸ், என்று அவரைச் சொல்வார்கள். பூமி உருண்டை அன்று, பேழையைப் போன்ற நீள்சதுரம் என்று நிரூபிப்பதே அவருடைய நோக்கம். பூமி உருண்டை என்றும் அது சுழல்கிறது என்றும் ஆரியபடர் 499-இலேயே எழுதிவைத்துவிட்டது பாவம் அவருக்குத் தெரியாது. ஆயினும் சரக்கு விஷயத்தில் மனிதர் மகா சமர்த்தர். மிளகு ஏற்றுமதியாகும் மலே கரையின் ஐந்து துறைகளைப் பெயர் சொல்லி எழுதுகிறார். சங்கு வரும் மரல்லோவைக் குறிப்பிடுகிறார். அதற்கப்பால் கபேர் என்கிறார். அது நம் காவிரிப்பூம்பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். இலங்கையைப் பற்றி எழுதுகையில் சோபாத்ரோஸ் என்ற வியாபாரியின் அனுபவத்தைச் சொல்கிறார். சோபாத்ரோசும் ஒரு பாரசீகனும் ஒரே சமயத்தில் ராஜசபைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். உங்கள் இருவர் அரசர்களில் யார் பெரியவர் என்று ராஜா கேட்டார். பாரசீகன் முந்திக்கொண்டு தன் அரசனை வானளாவப் புகழ்ந்தான். சோபாத்ரோஸ் வாய் திறக்கவில்லை. நீ ஏன் பேசவில்லை என்றபோது, இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்து முடிவு செய்யலாமே என்றான். ராஜா திகைத்தார். இரண்டு நாட்டுக் காசும் கொண்டுவரச் சொன்னான் சோபாத்ரோஸ். ஒன்று பொன், நல்ல வார்ப்பு, பளபளப்பு. மற்றது வெள்ளி. ராஜா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து உரோமர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சோபாத்ரோசை யானைமேல் ஏற்றி, மேளத்தோடு நகர்வலம் வரச் செய்தார். ஏற்றுமதிக்கென்று நல்ல காசுகளையே பொறுக்கி எடுத்துச் செல்வது வழக்கம் என்பதையும் காஸ்மாஸ் மறைக்காமல் எழுதுகிறார். வெள்ளியால் பிழைக்கும் ஊர்க்காரனாகிய எனக்கு அந்தத் தீர்ப்பில் சிறிது மனத்தாங்கல் உண்டு. பாரசீக வெள்ளியும் மாற்றுக் குறைந்ததன்று.

அப்படிப்பட்ட பொன்னைக் கெடுத்தவர்கள் எதிரிகள் அல்லர். தஞ்சையில் ராஜராஜன், பொன் நிறுப்பதற்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரிட்ட கல்லை எடைக்கல்லாக வைத்துக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும் பிசகாமல் கோயிற் சுவரில் பொறிக்கச் செய்த அதே காலத்தில், இரண்டாம் பசில் கான்ஸ்டாண்டிநோபிளில் கருவூலத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் 1025-இல் இறந்த சில வருஷங்களுக்குள், நாலாம் மைக்கேல் காலத்தில், அக்கசாலையில் வெள்ளி கலக்கத் தொடங்கினார்கள். 1042 முதல் 1055 வரை ஆண்ட ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மேலும் கலந்தான். கொடையாளி, கேளிக்கைப் பிரியன், கட்டடப் பித்து உள்ளவன், கையில் இருப்பது போதாதபோது மாற்றைக் குறைத்தான். அவனுக்குப் பின் வந்த ஏழாம் மைக்கேலுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் ‘கால்குறை’: முன்பு ஒரு பொற்காசுக்கு ஒரு மரக்கால் கோதுமை கிடைத்ததென்றால் இவன் நாளில் அதில் கால் பங்கு குறைந்தது. இந்தத் தினுசுப் பட்டப்பெயர் வைக்கிற சாமர்த்தியம் எந்தச் சந்தைக்கும் உண்டு. அலெக்சியஸ் 1092-இல் புதுக்காசு அடித்துக் கொஞ்சம் நிமிர்த்தினான். ஆனால் இருபத்து நாலு இருபதரையாகத்தான் திரும்பிற்று. பிறகு 1204-இல் சிலுவைப்போர் வீரர்கள், ஜெருசலேமுக்குப் போகப் புறப்பட்டவர்கள், வழியில் இந்தக் கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடினார்கள். ஐம்பத்தேழு வருஷங்கள் கழித்து நகரம் மீண்டது, நகரம்தான் மீண்டது.

அந்த ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் கட்டியவற்றில் ஒன்று இன்றும் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டு லெஸ்போஸ் தீவில் கிடந்த நாளில், நீ அரசனாவாய் என்று அவனுக்குச் சொன்னார்களாம் கியோஸ் தீவின் துறவிகள். சொன்னது பலித்தது. நன்றிக்கடனாக அவன் அந்தத் தீவின் மலைமேல் எழுப்பிய மடாலயம் நேயா மோனி. பொற்பின்னணியில் வண்ணக்கற்கள் பதித்த அதன் சித்திரங்களைக் கலைவிற்பன்னர்கள் கொண்டாடுகிறார்கள். காசில் குறைத்த பொன்னெல்லாம் இந்தச் சுவருக்குத்தான் போயிற்றோ என்று ஒரு கணம் குதர்க்கமாகத் தோன்றுகிறது. அது கிடக்கட்டும். இந்தக் கியோஸ்தான் மஸ்தகியின் ஊர்.

தீவு முழுவதும் அந்தப் புதர்மரம் இருந்தாலும் தென்பகுதியில்தான் அது நன்றாகப் பால் விடுகிறது. ஆடி மாதத்து வெயிலில் மரத்தடியைப் பெருக்கிச் சமன் செய்து, வெள்ளைச் சுண்ணமண்ணைச் சலித்து, கோலம் போடுவதற்கு முன் வாசலைத் தயார் செய்வதுபோலத் தூவுகிறார்கள். பிறகு பட்டையில் சிறுசிறு கீறல்கள். பால் துளித்துச் சொட்டி, அந்த வெள்ளைமண்மேல் விழுந்து, நாட்கணக்கில் காய்ந்து இறுகுகிறது; பிசினின்மேல் நான் கண்ட மங்கலைப் பார்த்தால் அந்த மண்தான் ஞாபகம் வருகிறது. மாரிக்காலத்தில் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்து, சிறு கத்தியால் ஒவ்வொரு மணியாகச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். மணிக்கு அவர்கள் சொல்லும் பெயர் கண்ணீர். மூன்றாம் நூற்றாண்டில் இசிதோர் என்ற புனிதர் அங்கே கொல்லப்பட்டபோது மரங்கள் அழுதன என்பது ஊர்க்கதை. அரசனின் அதிகாரத்திலிருந்த அந்த வியாபாரம் 1346-இல் ஜெனோவா வணிகர் கைக்குப் போய், 1566-இல் துருக்கியர் கைக்குப் போய், 1912-இல்தான் கிரேக்க நாட்டோடு சேர்ந்தது. கைகள் மாறினவே அன்றி, கீறலும் மண்ணும் கத்தியும் மாறவில்லை.

யூனானி வைத்தியம் என்பதே யவன வைத்தியம். ஆசியா மைனரின் மேற்குக்கரையில் இருந்த அயோனியர் பெயரைப் பாரசீகர் யௌன என்று சொல்ல, அது வடமொழியில் யவனமாகவும் அரபியில் யூனானாகவும் ஆயிற்று. நம் சங்கப் புலவர்கள் மதுவோடும் பாவை விளக்கோடும் அறிந்த யவனர் அவர்களே. அந்த அயோனியாவின் பன்னிரண்டு நகரங்களில் ஒன்று கியோஸ். ஆகவே என் தாயாரின் சீட்டில் ஒரே தீவு இரண்டு காலத்துப் பெயர்களால் எழுதப்பட்டிருந்தது: வைத்தியம் பழைய பெயரில், சரக்கு இடைக்காலப் பெயரில். நடுவில் இந்த மருந்து நூல்களைக் காத்துவைத்ததும் ரூம்தான். தியோஸ்கோரிதெஸ் என்ற கிரேக்க வைத்தியரின் மூலிகை நூலுக்குக் கான்ஸ்டாண்டிநோபிளில் 512-ஐ ஒட்டி ஜூலியானா அனிசியா என்ற அரசகுலத்துச் சீமாட்டிக்காகப் படங்களுடன் எழுதிய பிரதி இன்று வியன்னாவில் இருக்கிறது. ஏழாம் கான்ஸ்டன்டைன், அதே நூலின் பிரதி ஒன்றைக் குர்துபாவின் கலீபாவுக்கு வெகுமதியாக அனுப்பினான். அங்கே கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்று அறிந்து, 951-இல் நிக்கொலாஸ் என்ற துறவியையும் பின்னோடு அனுப்பிவைத்தான். புஸ்தகத்தைக் கொடுத்துவிட்டுப் படிப்பதற்கு ஆளையும் கொடுக்கும் அரசர்கள் அபூர்வம்.

நகரம் விழுந்த 1453 மே 29 ஒரு செவ்வாய்க்கிழமை. இன்றும் கிரேக்கர்கள் செவ்வாயில் நல்ல காரியம் தொடங்க யோசிப்பார்களாம். செவ்வாயோ வெறுவாயோ என்கிற நமக்கும் அது ஆகாத நாள். ஆனால் செவ்வாய்தோறும் சந்தை கூடியதால் பெயர் பெற்ற பேட்டையில்தான் ரூமின் பெயர் சீசாவில் இருக்கிறது. நகரத்தைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத், தன்னை ரூமின் கைசர் என்று அழைத்துக்கொண்டான். பகைவனாயினும் அவன் பெயரை மாற்றவில்லை.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துக் கல்வத்தில் போட்டு இடித்தபோது, மஸ்தகி தூளாகாமல் குழவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தாயார் அதைப் பார்த்துவிட்டு, “கல்கண்டு ரெண்டு போட்டு இடிடா, ஒட்டாது” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எங்க அம்மா ரூம் பிசின்னு சொல்லி வாங்கியாருவா” என்றாள், திரும்பிப் படுத்துக்கொண்டே.